கொழுந்து மட்டும் ஏன் மஞ்சள்?

அப்பா தொட்டிச் செடியிலிருந்து அந்த இலையைக் கிள்ளி எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய இலை. நரம்பெல்லாம் நல்ல பச்சை. நரம்புக்கு நரம்பு நடுவே இருக்கிற சதை மட்டும் மஞ்சள். பார்த்து முடித்ததும் இலையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கீழே போட மனசு வரவில்லை.

“எம்மா ரூபி, இது இங்க நிக்காது போலருக்கு,” என்றார்.

நான் பால் சொசைட்டி வேலைக்குக் கிளம்பி, வாசலில் ஒரு கால் செருப்போடு நின்றிருந்தேன். இன்னொரு செருப்பைத் தேடுகிற சாக்கில், “தண்ணி பத்தலையோ என்னமோப்பா,” என்றேன்.

“தண்ணியெல்லாம் பத்துது. ஈஸ்டர் வரைக்கும் பாக்கேன். அதுக்குள்ள தெளியலன்னா இதத் தூக்கிக்கிட்டு மேல போயிருவேன். சும்மா சொல்லுதேன்னு நெனைக்காத.”

அவர் எதையும் சும்மா சொல்கிறவர் இல்லை. என் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றார், வரவில்லை. அதனால் செருப்பைத் தேடுவதை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

மேலே என்றால் மூணாறுக்கும் மேலே, மேகம் வீட்டுக்குள் வந்துபோகிற எஸ்டேட். அங்கே அவருக்கு இப்போது யாரும் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், தொழிலாளர்களுக்கென்று கொடுத்திருந்த லயத்து வீட்டை எஸ்டேட்டிடம் ஒப்படைத்தாகிவிட்டது. அம்மா போய் வெகுகாலம். ஒரு வாடகை அறையில் தனியாக இருந்தவருக்குப் போன குளிரில் மூச்சுத் திணறி, ஆளைத் தூக்கிக்கொண்டு வரும்படி ஆகிவிட்டது. இன்னொரு குளிரை இந்த நெஞ்சு தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அப்பாவிடமும் சொன்னார். அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

ஆக, ஒரு தொட்டிச் செடியின் இலை பச்சையாவதில் என் அப்பாவின் உயிர் போய் மாட்டிக்கொண்டது. அப்போது எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் செடியைத் தொட்டியோடு தூக்கி ரோட்டில் வீசியிருப்பேன்.

அசேலியா வந்த கதை

நான் எழுதிவருகிற இந்தத் தொடரில் மாமியார் வந்தாயிற்று, மாடுகள் வந்தாயிற்று, அப்பாவை எப்போது கூட்டிவருவாய் என்று எங்கள் சொசைட்டிக்குப் பால் ஊற்ற வருகிறவர்களே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கூட்டிவராததற்குக் காரணம் உண்டு. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்தச் செடியும் கூடவே வந்துவிடும்.

அப்பா தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். இலையை உருட்டுகிற அறையில் ஆரம்பித்து, டீயைக் கொஞ்சம் வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் தரம் சொல்கிற இடம் வரைக்கும் உயர்ந்தார். மலையைவிட்டு அதிகம் இறங்காதவர். எங்கள் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம் என்பது அவருக்குப் பேச்சில் மட்டும் மிச்சம்.

எஸ்டேட் பங்களாவின் வாசலில் ஒரு அசேலியா வேலி இருந்தது. பனிக்காலம் முடிகிற சமயத்தில் இலையே தெரியாதபடி ரோஸ் நிறத்தில் பூத்து நிற்கும். புதிதாக வந்த மேனேஜர் துரைக்குக் கார் திருப்ப இடம் பத்தவில்லை. வேலியை வெட்டித் தோண்டிப் போட்டார்கள். அப்பா அதிலிருந்து ஒரு கட்டையை எடுத்து வந்தார். வேரைக் குறைத்து, ஆழமில்லாத மண் தட்டில் வைத்து, எரிந்துபோன மோட்டாரிலிருந்து உருவிய செம்புக் கம்பியைக் கிளைகளில் சுற்றி வளைத்தார். அதற்குப் போன்சாய் என்று பெயர் என்பதே எங்களுக்குப் பின்னால்தான் தெரியும். முழங்கால் உயரத்துக்கு மேல் வளரவிடாமல் வருஷக்கணக்கில் வைத்திருந்தார். அடிமரம் என் மணிக்கட்டைவிடத் தடிமன்.

நான் கம்ப்யூட்டர் படிக்க என்று பாலக்காட்டுக்கு வந்து, படிப்போடு ஒரு ஆளையும் பிடித்துக்கொண்டேன். அங்கே தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின வடகரப்பதிக்காரர். பெயர் சண்முகம். தென்னையும் கடலைக்காயும் மாடும் என்று இருக்கிற குடும்பம். நாங்கள் சர்ச், அவர்கள் கோவில். இரண்டு பக்கமும் குதித்தார்கள். கல்யாணத்தன்று அப்பா என்ன செய்தார் என்று லயத்துப் பக்கத்து வீட்டு அக்கா பிறகு போனில் சொன்னார். காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தச் செடிக்குக் கம்பி சுற்றிக்கொண்டு இருந்தாராம். சாப்பிடக் கூப்பிட்டதற்கும் எழுந்திருக்கவில்லையாம்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்தச் செடியைக் கண்டாலே ஆகாது.

நடுவில் நான்

மூச்சுத் திணறியபோது ஜீப் பிடித்து மலையேறிப் போய் அப்பாவை அழைத்து வந்தது சண்முகம்தான். அப்பா மடியில் தொட்டியை வைத்துக்கொண்டு, வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் வந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். இரண்டு பேரும் ஒரே கூடத்தில் இருப்பார்கள். “எம்மா, உன் வீட்டுக்காரர்ட்ட ஃபேனக் கொறைக்கச் சொல்லு” என்பார் அப்பா. சுவிட்ச் சண்முகத்தின் தலைக்கு மேலேயே இருக்கும். “மாமாவுக்குச் சாப்பாடு ஆச்சான்னு கேளு புள்ள” என்பார் இவர். நான் நடுவில் தபால்காரி வேலை பார்த்தேன். சண்டை என்று ஒன்று இருந்திருந்தால்கூடச் சமாதானம் செய்துவைத்திருக்கலாம். இவர்கள் இரண்டு பேருமே மரியாதைக்காரர்கள். அதுதான் என்னைக் கொன்றது.

அப்பாவுக்கு எங்கள் வீட்டில் பிடிக்காமல் போனவற்றில் முதலாவது டீ. வாயில் வைத்ததும் முகம் சுளிப்பார். “தூளு சரியில்ல. கறுத்துக் கெடக்கு. மேல ஆடை பாரு.” நான் கடையை மாற்றினேன், தூளை மாற்றினேன். மேலே இருந்து அவர் ஃபேக்டரித் தூளையே வரவழைத்தேன். அதையும் ஒரு மடக்கு குடித்துவிட்டு, “இதுலயும் கலப்படம் பண்ண ஆரம்பிச்சிட்டானுவ” என்றார்.

மஞ்சள்

செடி வந்த புதிதில் நன்றாகத்தான் இருந்தது. தை போய் மாசி வந்து, பக்கத்து வேலந்தாவளம் ரோட்டில் தார் மினுங்க ஆரம்பித்ததும் மஞ்சள் தட்டியது.

அப்பா முறையாகத்தான் பார்த்தார். அதைச் சொல்லியாக வேண்டும். என்னிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, கிளைக்கு அடியில் பிடித்து, இலையைத் தட்டினார். சிவப்புப் பேன் என்கிற பொடிப் பூச்சி இருந்தால் தாளில் விழுந்து ஊரும். ஒன்றும் விழவில்லை. இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். பூச்சி எச்சம் இல்லை. ஓலை ஈர்க்கு ஒன்றை மண்ணுக்குள் செருகி எடுத்து மோந்தார். வேர் அழுகினால் நாற்றம் வரும், அதுவும் இல்லை. ஓரம் கருகவில்லை, எனவே வெயிலும் காரணமில்லை என்றார்.

நான் செல்போனில் தேடினேன். மஞ்சள் இலைக்கு உலகத்தில் உள்ள எல்லாக் காரணமும் வந்தது. தண்ணீர் அதிகம், தண்ணீர் குறைவு, சத்து அதிகம், சத்துக் குறைவு. படித்து முடித்ததும் எனக்கே உடம்பு சரியில்லாதது போல இருந்தது.

“முத்தல் எல பச்சையாத்தான் இருக்கு. கொழுந்துதான் மஞ்சளாவுது,” என்றார் அப்பா. “மண்ணு புளிச்சிருக்கு. வேற ஒண்ணுமில்ல.”

தன் பெட்டியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். உள்ளே டோலமைட். பார்க்க வெள்ளை மாவு, ஒருவகைச் சுண்ணாம்புப் பொடிதான். மலையில் மழை விடாமல் அடித்து மண்ணில் உள்ள சுண்ணாம்பை எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். மண் புளித்துப்போகும், அதாவது அமிலம் கூடிவிடும். அதற்காகத் தேயிலைக் காட்டுக்கு டோலமைட் மூட்டைகள் லாரியில் வந்து இறங்கும். ஃபேக்டரி வாசலில் நின்று அந்த மூட்டைகளைப் பார்த்துப் பார்த்து, இலை மஞ்சளானால் டோலமைட் என்று அவருக்கு மனசில் பதிந்துவிட்டது. ஒரு சிட்டிகை எடுத்துத் தொட்டி மண்ணில் தூவி, போர்வெல் தண்ணீரை ஊற்றினார்.

அடுத்த வாரம் மஞ்சள் கூடியது. அப்பா சிட்டிகையைக் கூட்டினார். அதற்கடுத்த வாரம் புதிதாக வந்த துளிர் மஞ்சள்கூட இல்லை, வெளுத்து வெள்ளையாகவே வந்தது.

சண்முகம் தினமும் கடலைக் காட்டுக்குப் போகும்போது அந்தத் தொட்டிப் பக்கம் நின்று பார்ப்பார். ஏதோ சொல்ல வாயெடுப்பார், பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். நான் கேட்டால், “அதொண்ணுமில்ல புள்ள. அவுங்க செடி. அவுங்களுக்குத் தெரியாததா,” என்பார்.

இதற்குள் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்கள் பாதிக்கு மேல் ஓடிவிட்டன. அப்பா போனில் மேலே யாரிடமோ அறை விசாரித்தார். அந்த அறைக்குக் கீழே ஓடை போகிறது, சுவரெல்லாம் ஈரம் என்று எனக்குத் தெரியும். நான் சமையலறையில் பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறையாகக் கழுவினேன்.

கறுப்புப் புள்ளிகள்

ஒரு காலையில் சொசைட்டியிலிருந்து திரும்பி வரும்போதே வாசலில் அப்பாவின் குரல் கேட்டது. அவர் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. உயர்த்தினால் மூச்சு வாங்கும்.

“யாரு இதுல கைய வச்சது?”

ஓடிப்போய்ப் பார்த்தேன். இருந்த மஞ்சள் இலைகளிலும் தீப்பொறி பட்ட மாதிரி கறுப்புப் புள்ளிகள். சில துளிர்கள் நுனி கருகிச் சுருண்டிருந்தன. தொட்டியின் விளிம்பில் துருக்கறை.

“விஷத்த ஊத்திருக்காவ. நான் போறதுக்கு முன்னால இது போவணும்னு பண்ணிருக்காவ.” சொல்லும்போதே நெஞ்சுக்குள் விசில் கேட்க ஆரம்பித்துவிட்டது. நான் இன்ஹேலரை எடுத்து வந்து நீட்டினேன். தட்டிவிட்டார். அது தொட்டிக்கு அடியில் போய் உருண்டது.

தென்னைக்குத் தண்ணீர் மாற்றிவிட்டு வந்த சண்முகம் சேற்றுக் காலோடு அப்படியே நின்றார்.

“நாந்தானுங்க மாமா,” என்றார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என் அப்பாவிடம் நேராகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

“வெசமில்லீங்க. அன்னபேதி. இரும்புச் சத்துங்க. நேத்து வேலந்தாவளத்துல வாங்கியாந்தேன். கடலச்செடிக்கு அடிக்கற கணக்குலயே அடிச்சுப்போட்டேன். இந்த எலைக்கு அது சாஸ்தி. வெயில்ல வேற அடிச்சுட்டனுங்க. தப்புத்தான்.”

அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு ஒவ்வொன்றும் எங்களுக்குக் கேட்டது.

“எதுக்கு?” என்றார். அவரும் நேராகத்தான் கேட்டார். அதை அவரே கவனித்தாரா என்று தெரியாது.

சண்முகம் திரும்பிக் காட்டுக்குள் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். அந்த நேரத்தில் குனிந்து இன்ஹேலரை எடுத்து, துடைத்து, மறுபடி அப்பாவிடம் நீட்டினேன். “ப்பா, செடிய அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல இத இழுங்க,” என்றேன். என் குரல் அதட்டலாகத்தான் வந்தது. வாங்கி இழுத்தார்.

சண்முகம் ஒரு கடலைச் செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தார். அதன் நுனி இலையைக் கிள்ளி, அசேலியா இலைக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்தார். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. மற்றபடி இரண்டும் ஒன்றுதான். நரம்பு பச்சை, சதை மஞ்சள்.

“எங்கூட்ல வருசா வருசம் இப்படித்தானுங்க ஆவும். இரும்பு மண்ணுல இல்லாம இல்லீங்க. சுண்ணாம்பு அத வேருக்கு உட மாட்டேங்குது. அதான் அன்னபேதிய எலை மேலயே அடிக்கறது.”

“எங்க மலையில மஞ்சளாச்சின்னா டோலமைட்டுதான் போடுவாவ,” என்றார் அப்பா. விட்டுக்கொடுக்காத குரல்.

“உங்க மண்ணுக்கு அது சரிங்க மாமா. எங்கூரு மண்ணே டோலமைட்டுத்தானுங்க.”

கெட்டில்

அப்பா இரண்டு இலைகளையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். படுக்கப் போகிறார் என்று நினைத்தேன். சமையலறைக்குள் போனார். டீ போடுகிற கெட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, உள்ளே விரலை விட்டார். நகத்தால் சுரண்டினார். வெள்ளை வெள்ளையாகச் செதில் பெயர்ந்து வந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தார். டீ ருசி பார்த்தே வயிறு வளர்த்த மனிதர்.

“தூளு நல்ல தூளுதான்,” என்றார். “தண்ணிதான். இந்தத் தண்ணியத்தான நான் அதுக்கும் ஊத்துனேன். மேல சுண்ணாம்ப வேற தூவிருக்கேன்.”

அவர் கெட்டிலுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு, “நாந்தான் கொன்னுக்கிட்டு இருந்திருக்கேன்,” என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டு எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷம் அந்தச் செடி மேல் இருந்த எரிச்சல் எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அது பிழைக்க வேண்டும் என்று எனக்கே ஆத்திரம் வந்துவிட்டது.

பால் கேனில் தண்ணீர்

அன்று மதியமே செடியைப் பெயர்த்தோம். பழைய மண்ணை வேரிலிருந்து அலசி எடுத்து, ஊறவைத்துப் பிழிந்த தென்னை நார்க்கழிவும் மக்கின இலையும் கலந்து வைத்தார் அப்பா. சண்முகம் தொட்டியைப் பிடித்துக்கொண்டார்.

தண்ணீருக்கு எங்கே போவது? மழைக்கு இன்னும் மாதக்கணக்கு இருந்தது. எங்கள் சொசைட்டி அலுவலக அறையின் ஏசி பின்பக்கச் சுவரில் நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டிருக்கும். அதில் உப்பும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. அடியில் ஒரு பால் கேனை வைத்துப் பிடித்தேன். கேனோடு நான் ஸ்கூட்டரில் போவதைப் பார்த்த செக்ரட்டரி, “பால் கொண்டுவர வேண்டியவங்க கொண்டுபோறீங்களே” என்று கிண்டல் செய்தார். செய்துவிட்டுப் போகட்டும்.

அன்னபேதியைச் சண்முகம் இந்த முறை ரொம்ப நீர்க்கக் கலந்து, அதில் எலுமிச்சம் பழம் பிழிந்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளித்தார். அப்பா பக்கத்தில் நின்று, “போதும், போதும்” என்றார்.

கருகினது உதிர்ந்தது. பாதிக் கிளை மொட்டையானது. ஒரு வாரம் எங்கள் மூவருக்கும் காலையில் எழுந்ததும் யார் முதலில் போய்ப் பார்ப்பது என்று ஒரு போட்டி. ஈஸ்டருக்கு முந்தின வாரம், மொட்டைக் கிளையின் நுனியில் அரிசி அளவு துளிர் வந்தது. பச்சை. விரிந்த பிறகும் பச்சையாகவே இருந்தது.

நான் அன்று பாயசம் வைத்தேன். லெந்து நாளில் என்ன பாயசம் என்று அப்பா கேட்கவில்லை, குடித்தார்.

அனுப்பி வைத்தது

ஈஸ்டர் ஆராதனைக்குப் போய்வந்து, மத்தியானம் சாப்பிட்டு முடித்துக் கை கழுவின இடத்திலேயே அப்பா சொன்னார்.

“செடிய மேல அனுப்பணும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அதான் தெளிஞ்சிருச்சில்லப்பா. பிறகு எதுக்குப் போறீங்க?”

“நான் எங்க போறேன்னு சொன்னேன்? செடியன்னேன்.” துண்டில் கையைத் துடைத்தார். “ஏசித் தண்ணி ஊத்தி, ஈரச் சாக்கு கட்டி, மருந்தடிச்சி வச்சிருக்கோம். ஆஸ்பத்திரியில கெடக்க மாரிதான் கெடக்கு. சித்திர வெயில் தாங்காது. மேல எனக்கு மூச்சு விட முடியல. கீழ அதுக்கு முடியல. ரெண்டு பேரும் ஒரே எடத்துல இருக்கணும்னு நான் புடிவாதம் புடிச்சா ஒருத்தர் செத்துதான் ஆவணும்.”

அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று அழாதவர். இந்த ஈஸ்டர் அன்று அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி சாப்பிட்ட வாழையிலையை மடித்து எடுத்துக்கொண்டு போனேன்.

சண்முகமே கொண்டுபோனார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனதாகச் சொன்னார். ஃபேக்டரியில் அப்பாவோடு வேலை பார்த்த கூட்டாளி ஒருவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, அடுத்த நாள் மத்தியானம் திரும்பி வந்தார். சட்டையெல்லாம் மண்.

அப்பா அவரை உட்காரக்கூட விடவில்லை. போனை வாங்கி, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, ஒவ்வொரு இலையாகப் பார்த்தார். பின்னால் மேகம் இறங்கிய சரிவு தெரிந்தது. இலை பச்சையாக இருந்தது. அதையே வெகுநேரம் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“இங்க ரேஷன் கார்டுல பேரு சேக்க என்னென்ன கேப்பாவ?” என்று சண்முகத்திடம் கேட்டார்.

சண்முகம் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

“மேல இருக்கற கார்டுல இருந்து உங்க பேர எடுக்கோணுங்க மாமா. அப்புறம் இங்க சேத்துக்கலாம். நாளைக்கே போலாமுங்க.”

“மேல உள்ளத எடுத்தா பிறகு அங்க எனக்கு ஒண்ணும் கெடையாது.”

“ஆமாங்க.”

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “இங்க கார்டு யாரு பேருல இருக்கு?” என்றார்.

“உங்க பொண்ணு பேர்லதானுங்க. பொம்பளைங்கதான் இப்ப குடும்பத் தலைவி.”

அப்பா என் பக்கம் திரும்பினார். கல்யாணத்துக்கு வராத அந்த முகத்தை நான் நேராகப் பார்த்தேன்.

“அப்ப உன் பேருக்குக் கீழதான் எம்பேரு வரும்.”

“ஆமாப்பா.”

“சரி. எழுதச் சொல்லு.”